பழைய காரில் க்ரூஸ் கண்ட்ரோல் வேலை செய்யவில்லையா? வீட்டிலேயே பார்ப்பவர்களுக்கான கேள்வி பதில்கள்

1980களிலிருந்து 2000களின் நடுப்பகுதி வரை வந்த கார்களில், குறித்த வேகத்திலேயே காரை ஓட வைக்கும் சாதாரண க்ரூஸ் கண்ட்ரோலைப் பற்றியது இது. முன்னால் போகும் வண்டியைப் பார்த்துத் தானே வேகத்தைக் குறைக்கும் ரேடார் வகை இதில் சேராது. கையில் ஒரு மல்டிமீட்டரும், அவசரப்படாத ஒரு மதியமும் இருந்தால் பெரும்பாலான கோளாறுகளை வீட்டு வாசலிலேயே கண்டுபிடித்துவிடலாம்.

பட்டனை அழுத்தினால் ஒன்றுமே நடப்பதில்லை. உள்ளே ஏதோ பெரிதாகப் போய்விட்டதா?

பெரும்பாலும் இல்லை. க்ரூஸ் கண்ட்ரோலின் இயல்பைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. ஆக்சிலரேட்டரை ஒரு கருவியிடம் ஒப்படைக்கிறோம். அது தப்பான நேரத்தில் வேலை செய்தால் உயிருக்கே ஆபத்து. அதனால் சிறு சந்தேகம் வந்தாலும் ஒதுங்கிக்கொள்ளும்படிதான் இதை வடிவமைத்திருக்கிறார்கள்.

பிரேக் மிதிபடவில்லை, கிளட்ச் மிதிபடவில்லை, கியர் நியூட்ரலில் இல்லை, வண்டி குறைந்தபட்ச வேகத்துக்கு மேல் ஓடுகிறது, பட்டனிலிருந்து தெளிவான சிக்னல் வருகிறது. இத்தனையும் உறுதியானால்தான் அது ஆக்சிலரேட்டரைத் தொடும். ஒன்றில் இடித்தாலும் பேசாமல் இருந்துவிடும். அப்படி இருக்கும்போது அது கெட்டுப்போகவில்லை, தன் வேலையைத்தான் செய்கிறது. ஆகவே நீங்கள் தேட வேண்டியது, ‘வேண்டாம்’ என்று சொல்லிக்கொண்டிருப்பது இவற்றில் எது என்பதைத்தான்.

நிறையப் பேர் பானட்டைத் திறந்ததும் கண்ணில் படுகிற பெரிய பாகத்தை, அதாவது ஆக்சிலரேட்டரை இழுக்கும் ஆக்சுவேட்டரை மாற்றிவிடுகிறார்கள். இல்லையென்றால் க்ரூஸின் மூளையான கண்ட்ரோல் யூனிட்டை மாற்றுகிறார்கள். விலை கூடிய இந்த இரண்டும் சந்தேகப் பட்டியலில் கடைசியில் வர வேண்டியவை. முதலில் வர வேண்டியது பிரேக் பெடலுக்கு மேலே இருக்கும் சின்ன ஸ்விட்ச்.

என் காரில் இருப்பது எந்த வகை என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பானட்டைத் திறந்து, என்ஜினுக்குள் போகும் காற்றைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டில் பாடியைப் பாருங்கள். ஆக்சிலரேட்டர் கேபிளுக்குப் பக்கத்தில் இன்னொரு கேபிளோ மணிச்சங்கிலியோ வந்து சேர்கிறதா? அதன் மறுமுனையைத் தொடர்ந்து போங்கள். கையளவு வட்டமான டப்பாவும் அதில் ரப்பர் ஹோஸும் இருந்தால் அது வேக்குவம் வகை. என்ஜின் இழுக்கும் வேக்குவத்தை (வெற்றிட இழுப்பை) வைத்து ஒரு ரப்பர் டயாஃப்ரம், அதாவது மெல்லிய சவ்வு, கேபிளை இழுக்கும். ஹோஸ் இல்லாமல் வயர் கனெக்டர் மட்டும் இருந்தால் உள்ளே மின்மோட்டார் இருக்கிறது. த்ராட்டிலுக்கு எந்தக் கேபிளுமே வரவில்லை, வயர் மட்டும்தான் வருகிறது என்றால் அது மின்னணு த்ராட்டில். அந்தக் கார்களில் க்ரூஸுக்கென்று தனி ஆக்சுவேட்டர் கிடையாது. என்ஜின் கம்ப்யூட்டரே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும். அதனால் அங்கே கோளாறு ஸ்விட்சுகளில் இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

க்ரூஸ் கண்ட்ரோலுக்குக் காப்புரிமை வாங்கியவர் ரால்ஃப் டீட்டர் என்ற அமெரிக்கப் பொறியாளர். வருடம் 1950. சிறு வயதிலேயே பார்வையை இழந்தவர் அவர். 1958-ல் க்ரைஸ்லர் தன் கார்களில் இதைக் கொண்டுவந்தது. அன்றைக்கு அதில் கம்ப்யூட்டர் எதுவும் இல்லை. அடிப்படை வேலை இன்றும் அதேதான்: ஓடும் வேகத்தைக் குறித்த வேகத்தோடு ஒப்பிடுவது, வித்தியாசத்துக்கு ஏற்ப த்ராட்டிலைத் திறப்பது, மூடுவது.

கருவி எதையும் எடுப்பதற்கு முன் என்னென்ன பார்க்கலாம்?

ஐந்து நிமிட வேலைதான், ஆனால் இதைத் தாண்டிப் போகாதீர்கள். க்ரூஸின் மெயின் பட்டனைப் போட்டால் டாஷ்போர்டில் விளக்கு எரிகிறதா? எரியவே இல்லையென்றால் முதலில் ஃபியூஸ். பல பழைய கார்களில் க்ரூஸின் ஃபியூஸ் வேறு ஏதாவது ஒன்றோடு சேர்ந்தே இருக்கும். ஃபியூஸ் பெட்டி மூடியில் எழுதியிருப்பதை மட்டும் நம்பாமல் காரின் கையேட்டையும் பாருங்கள்.

அடுத்து ஹார்ன். ஹார்ன் அடிக்கவில்லை, கூடவே க்ரூஸும் இல்லை என்றால் அது மிக முக்கியமான தடயம். ஏன் என்று ஸ்டீயரிங் பற்றிய கேள்வியில் சொல்கிறேன். பிறகு ஸ்பீடோமீட்டர் முள் நடுங்காமல் ஓடுகிறதா, என்ஜின் விளக்கு எரிகிறதா என்று கவனியுங்கள். என்ஜின் கம்ப்யூட்டர் தன்னிடம் ஏதாவது கோளாறு பதிவாகியிருந்தால், க்ரூஸுக்குச் சம்பந்தமே இல்லாதது போலத் தெரிந்தாலும், க்ரூஸைத் தடுத்துவிடுவது பல கார்களில் உண்டு.

கடைசியாக, சாயங்காலம் இருட்டியதும் காரைச் சுவருக்கு முதுகு காட்டி நிறுத்திப் பிரேக்கை மிதித்துப் பாருங்கள். இரண்டு பக்கமும் பிரேக் லைட் எரிகிறதா? காலை எடுத்ததும் முழுக்க அணைகிறதா? மிக லேசாக மிதித்தாலே எரிகிறதா?

இன்னொன்று: குறைந்தபட்ச வேகம். பெரும்பாலான கார்களில் மணிக்கு 40 கிலோமீட்டரை ஒட்டிய வேகத்துக்குக் கீழே க்ரூஸ் பிடிக்காது. சிலவற்றில் இன்னும் கூடுதலாக இருக்கும். தெருவுக்குள் ஓட்டிப் பார்த்துவிட்டு வேலை செய்யவில்லை என்று முடிவு கட்டக் கூடாது.

பிரேக் ஸ்விட்சை ஏன் முதலில் பார்க்கச் சொல்கிறீர்கள்?

தினமும் நூற்றுக்கணக்கான தடவை அழுத்தி எடுக்கப்படும் ஸ்விட்ச் அது. அதற்குள் வழக்கமாக இரண்டு தனித்தனி இணைப்புகள் இருக்கும். ஒன்று பிரேக் லைட்டுக்கு: பெடல் சும்மா இருக்கும்போது திறந்திருக்கும், மிதித்தால் மூடும். இரண்டாவது க்ரூஸுக்கு: பெடல் சும்மா இருக்கும்போது மூடியிருக்கும், மிதித்தால் திறந்து க்ரூஸைத் துண்டிக்கும். ஒன்று தவறினாலும் இன்னொன்று காப்பாற்றட்டும் என்பதற்காகத்தான் இரண்டு.

இதனால்தான் ‘பிரேக் லைட் நன்றாக எரிகிறது, ஆகவே ஸ்விட்ச் நல்ல ஸ்விட்ச்’ என்ற முடிவு தவறாகப் போகிறது. லைட் இணைப்பு நன்றாக இருக்கும், க்ரூஸ் இணைப்பு மட்டும் தேய்ந்து கரி பிடித்திருக்கும்.

சோதிப்பது எளிது. இக்னிஷனை அணைத்து, ஸ்விட்சின் கனெக்டரைக் கழற்றுங்கள். நான்கு பின் இருந்தால் இரண்டு ஜோடி. மல்டிமீட்டரை ஓம்ஸில் வைத்து ஒரு ஜோடியில் பிடியுங்கள். பெடலைத் தொடாதபோது இணைப்பு இல்லாமலும், மிதித்தால் கிட்டத்தட்ட பூஜ்ய ஓம்ஸும் காட்ட வேண்டும். மற்ற ஜோடி நேர் எதிர்: தொடாதபோது பூஜ்யத்தை ஒட்டி, மிதித்தால் துண்டிப்பு. இரண்டாவது ஜோடியில் 20 ஓம்ஸ், 50 ஓம்ஸ், ஒவ்வொரு தடவைக்கும் ஒவ்வொரு எண் என்று வந்தால் ஸ்விட்ச் போய்விட்டது. புதிதாகப் போடுங்கள். இதைத் திறந்து சுத்தம் செய்து ஒப்பேற்றுவதில் எனக்கு உடன்பாடில்லை. பிரேக் லைட்டும் இதே ஸ்விட்சை நம்பித்தான் இருக்கிறது.

ஸ்விட்ச் நன்றாக இருந்தும் அது உட்கார்ந்திருக்கும் இடம் தப்பாக இருக்கலாம். பெடல் முழுக்க மேலே வந்தபோது ஸ்விட்சின் முனை நன்றாக உள்ளே அழுந்தியிருக்க வேண்டும். மரையைத் திருகி முன்பின் நகர்த்தும் வகையாக இருந்தால், லாக் நட்டைத் தளர்த்திச் சரிசெய்துவிட்டு மறுபடி இறுக்குங்கள். பெடலை லேசாகத் தொட்டதுமே, பிரேக் பிடிக்க ஆரம்பிப்பதற்கு முன்பே, ஸ்விட்ச் மாறிவிட வேண்டும். அதேசமயம் ஸ்விட்ச் பெடலைக் கீழே தள்ளிக்கொண்டிருக்கவும் கூடாது. அப்படித் தள்ளினால் பிரேக் லேசாகப் பிடித்தபடியே ஓடும்.

பெடலுக்குக் கீழே மிதியடியில் பிளாஸ்டிக் துணுக்குகள் கிடந்தன. எங்கிருந்து வந்திருக்கும்?

பெடலின் இரும்புப் பட்டையில் ஒரு ஓட்டை இருக்கும். அதில் காசளவுகூட இல்லாத ஒரு ரப்பர் அல்லது பிளாஸ்டிக் குமிழ் செருகியிருக்கும். ஸ்விட்சின் முனையை அழுத்துவது அந்தக் குமிழ்தான். வருடக்கணக்கில் சூடு பட்டு அது பிஸ்கட் மாதிரி பொடிந்து கீழே உதிர்ந்துவிடும். அப்புறம் ஸ்விட்சின் முனை அந்த ஓட்டை வழியாக வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். காரைப் பொறுத்தவரை பிரேக் எப்போதும் மிதித்தபடியே இருக்கிறது.

அறிகுறிகள் சேர்ந்தே வரும்: வண்டியைப் பூட்டிவிட்டுப் போன பிறகும் பிரேக் லைட் எரிகிறது, காலையில் பேட்டரி இறங்கிக் கிடக்கிறது, ஆட்டோமேட்டிக் கார் என்றால் பிரேக்கை மிதிக்காமலே பார்க்கிங்கிலிருந்து கியர் நகர்கிறது, க்ரூஸ் பிடிப்பதில்லை. பழைய ஜப்பானிய கார்களில் இது ரொம்பவே சகஜம். கிளட்ச் பெடலிலும் இதே போன்ற குமிழ் உண்டு. அது உதிர்ந்தாலும் க்ரூஸ் போய்விடும்.

புதிய குமிழ் மிகவும் மலிவான பாகம். டார்ச் அடித்துக்கொண்டு தலைகீழாகப் படுத்துச் செருக வேண்டும், அவ்வளவுதான் சிரமம். அவசரத்துக்குப் பொருத்தமான போல்ட்டும் நட்டும் போடுபவர்கள் உண்டு. ஓட்டும்போது தளர்ந்து பெடலுக்கு அடியில் விழாதபடி லாக் நட் போட்டிருந்தால் ஒழிய அதைச் சிபாரிசு செய்ய மாட்டேன்.

பின்னால் எல்இடி பல்பு மாற்றியதிலிருந்து க்ரூஸ் வேலை செய்யவில்லை. இரண்டுக்கும் சம்பந்தம் இருக்குமா?

இருக்கிறது. பழைய க்ரூஸ் யூனிட்டுகள் பலவும் பிரேக் லைட் வயரைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருக்கும். பிரேக் மிதிக்காதபோது அந்த வயர், சாதாரண பல்பின் இழை வழியாக எர்த்தோடு சேர்ந்திருக்கும். அணைந்திருக்கும் இழையின் மின்தடை மிகக் குறைவு. யூனிட் அதைப் பார்த்து ‘பல்பு இருக்கிறது, பிரேக் மிதிபடவில்லை’ என்று எடுத்துக்கொள்ளும். எல்இடி பல்பில் அந்தப் பாதை இல்லை. வயர் அந்தரத்தில் தொங்குவது போலத் தெரிவதால் யூனிட் சந்தேகப்பட்டு விலகிவிடும். இரண்டு பக்கப் பிரேக் பல்பும் சேர்ந்து எரிந்துபோனாலும் இதே கதைதான். எர்த் துருப்பிடித்த டெயில் லைட்டும் இதைச் செய்யும்.

உறுதிப்படுத்த ஒரே வழி, ஒரு பக்கமாவது பழைய மாதிரி இழை பல்பைப் போட்டு ஓட்டிப் பார்ப்பது. வேலை செய்தால் கோளாறு அதுதான். எல்இடியே வேண்டுமென்றால் அந்தச் சர்க்யூட்டில் ஈடுசெய்யும் ரெசிஸ்டர் சேர்க்கலாம், ஆனால் அது நன்றாகச் சூடாகும். பிளாஸ்டிக்கின் மேல் ஒட்டாமல் உலோகத் தகட்டில் பொருத்த வேண்டும். என்னைக் கேட்டால் பழைய பல்புக்கே திரும்பிவிடுவேன்.

கிளட்ச், கியர் பக்கம் என்ன பார்க்க வேண்டும்?

மேனுவல் காரில் கிளட்ச் ஸ்விட்சும் பிரேக் ஸ்விட்ச் மாதிரிதான், சோதனையும் அதேதான். ஆட்டோமேட்டிக்கில் கியர் நிலையைச் சொல்லும் ஸ்விட்ச் ஒன்று உண்டு. ரிவர்ஸ் லைட் எரியாமல் போவது, பார்க்கிங்கில் ஸ்டார்ட் ஆகாமல் நியூட்ரலில் மட்டும் ஆவது போன்ற தொல்லைகள் இருந்தால் அதைச் சந்தேகியுங்கள்.

ஸ்பீடோமீட்டர் சரியாக ஓடுகிறது. அப்படியென்றால் வேக சிக்னலும் சரிதானே?

காரைப் பொறுத்தது. மின்னணு ஸ்பீடோமீட்டர் உள்ள கார்களில் முள்ளும் க்ரூஸும் பெரும்பாலும் ஒரே சென்சாரிலிருந்து சிக்னல் வாங்கும். முள் ஒழுங்காக இருந்தால் சென்சாரும் ஒழுங்குதான், பிரச்சினை வயரில் இருக்கலாம். கேபிள் சுழற்றும் பழைய ஸ்பீடோமீட்டரில் அப்படி இல்லை. முள்ளைக் கேபிள் நேரடியாகத் திருப்பும். க்ரூஸுக்கான சிக்னலை ஸ்பீடோமீட்டரின் பின்னால் இருக்கும் ஒரு ரீட் ஸ்விட்சோ (காந்தம் நெருங்கினால் மாறும் ஸ்விட்ச்), கேபிளின் நடுவே பொருத்திய சென்சாரோ தனியாகக் கொடுக்கும். முள் அழகாக ஓடும், சிக்னல் செத்திருக்கும். வெளியில் வாங்கிப் பொருத்திய க்ரூஸ் கிட் என்றால் டிரைவ் ஷாஃப்டில் கட்டிய காந்தம் கழன்று விழுந்திருக்கிறதா என்று குனிந்து பாருங்கள்.

மூன்று வயர் உள்ள, காந்தப்புலத்தை உணரும் ஹால் சென்சாரை இப்படிச் சோதிக்கலாம். சமதளத்தில் நிறுத்தி, தரையில் இருக்கும் சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை கொடுத்து, ஓட்டும் சக்கரங்களைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஜாக்கியை மட்டும் நம்பக் கூடாது. கியரை நியூட்ரலில் வைத்து, என்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் இக்னிஷனை மட்டும் போட்டு, சிக்னல் வயரில் மீட்டரை வைத்துக்கொண்டு சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். ஒரு சக்கரத்தைச் சுற்றும்போது எதிர்ச் சக்கரம் தன்பாட்டுக்குத் திரும்பிவிடாமல் ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். வோல்டேஜ் பூஜ்யத்துக்கும் 5 அல்லது 12-க்கும் இடையே மாறி மாறித் தாவ வேண்டும். இரண்டு வயர் சென்சார் என்றால் மீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்துக் கொஞ்சம் வேகமாகச் சுற்றினால் சிறிய எண் ஒன்று வரும். சக்கரங்களைத் தூக்கி வைத்துக்கொண்டு என்ஜினை ஓட்டி, கியர் போட்டு க்ரூஸைச் சோதிப்பதை மட்டும் வீட்டில் செய்யவே செய்யாதீர்கள்.

ஸ்டீயரிங்கில் இருக்கும் பட்டன்கள் கெட்டிருந்தால் எப்படித் தெரியும்?

பல கார்களில் எல்லா பட்டன்களுக்கும் சேர்த்து ஒரே வயர்தான் போகும். ஒவ்வொரு பட்டனுக்கும் ஒவ்வொரு ரெசிஸ்டர். எந்த மின்தடை வருகிறது என்பதைப் பார்த்து எந்தப் பட்டன் என்று யூனிட் புரிந்துகொள்ளும். பட்டனுக்குள் அழுக்குச் சேர்ந்தால் மின்தடை மாறி, ‘செட்’ அழுத்தினால் ‘கேன்சல்’ என்று அதற்குக் கேட்கும். ஒரு பட்டன் மட்டும் வேலை செய்யவில்லை, அல்லது அழுத்தமாகப் பிடித்தால்தான் பிடிக்கிறது என்றால் இதுதான் காரணம்.

ஸ்டீயரிங் பின்னால் தண்டு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் வகை என்றால் கனெக்டரைக் கழற்றி, ஒவ்வொரு பட்டனையும் அழுத்தி ஓம்ஸ் எடுங்கள். சர்வீஸ் கையேட்டில் இருக்கும் எண்ணோடு ஒத்துப்போக வேண்டும். அழுத்திப் பிடித்திருக்கும்போது எண் ஆடக் கூடாது. காண்டாக்ட் கிளீனர் அடித்து இருபது முப்பது தடவை அழுத்திவிட்டால் சில சமயம் மறுபடி உயிர் வந்துவிடும்.

பட்டன்கள் ஸ்டீயரிங் சக்கரத்திலேயே இருந்தால் நடுவில் இன்னொரு பாகம் உண்டு. அதற்குக் கிளாக் ஸ்பிரிங் என்று பெயர். சக்கரம் சுழன்றாலும் வயர் அறாமல் இருக்க, பட்டையான கேபிள் ஒன்றைச் சுருட்டி வைத்திருப்பார்கள். அது அறுந்தால் க்ரூஸ், ஹார்ன் இரண்டும் போகும், ஏர்பேக் விளக்கும் எரியும். மூன்றும் சேர்ந்து வந்தால் வேறு எங்கும் தேட வேண்டாம். ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது மட்டும் ஹார்ன் விட்டு விட்டு அடித்தால் அது அறுந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

இந்த இடத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். ஏர்பேக் என்பது வெடிமருந்து உள்ள பாகம். அதன் மஞ்சள் கனெக்டரில் மல்டிமீட்டர் வைத்தாலே அது வெடிக்கக்கூடும். பேட்டரியைக் கழற்றி, கையேட்டில் சொன்ன நேரம் காத்திருந்து, முறையாகக் கழற்றத் தெரிந்தவர்கள் செய்யட்டும். மற்றவர்கள் ஒர்க்‌ஷாப்புக்குப் போவதே சரி.

மேடேறும்போது வேகம் இறங்கிக்கொண்டே போகிறது. சமதளத்தில் பிரச்சினை இல்லை. ஏன்?

வேக்குவம் வகைக் கார்களில் இதுதான் எனக்குப் பிடித்த கோளாறு, ஏனென்றால் காரணம் தெரிந்தால் தீர்வும் கூடவே வந்துவிடும். பெட்ரோல் என்ஜின் சும்மா ஓடும்போது காற்று உள்ளே போகும் குழாயான மேனிஃபோல்டில் 17 முதல் 21 அங்குலப் பாதரசம் (வேக்குவத்தை அளக்கும் அலகு) அளவுக்கு வேக்குவம் இருக்கும். மேட்டில் த்ராட்டில் அகலமாகத் திறக்கத் திறக்க அது மளமளவென்று இறங்கும். அதாவது சர்வோவுக்கு (வேக்குவம் வகை ஆக்சுவேட்டருக்கு) அதிக இழுவை தேவைப்படும் அதே நேரத்தில்தான் இழுப்பதற்கு வேக்குவம் குறைவாக இருக்கும். இதைச் சமாளிக்க ஒரு சேமிப்பு டப்பாவும், போன வேக்குவம் திரும்பி ஓடிவிடாமல் தடுக்க ஒருவழி வால்வும் வைத்திருக்கிறார்கள். சில கார்களில் தனியாக மின்சார வேக்குவம் பம்ப் இருக்கும்.

வால்வைக் கழற்றி வாயால் ஊதிப் பாருங்கள். ஒரு பக்கம் காற்று போக வேண்டும், மறுபக்கம் போகவே கூடாது. இரண்டு பக்கமும் போனால் மாற்றுங்கள். சேமிப்பு டப்பா பெரும்பாலும் பிளாஸ்டிக். மட்கார்டுக்கு உள்ளேயோ பேட்டரி தட்டுக்கு அடியிலோ ஒளிந்திருக்கும். பேட்டரி அமிலம் பட்டு விரிசல் விட்டிருக்கலாம்.

பிறகு ஹோஸ்கள். நடுவில் நன்றாகத் தெரியும் ஹோஸ், முனையில் கல்லாக இறுகி, செருகியிருக்கும் குழாயைப் பிடிக்காமல் தொளதொளவென்று இருக்கும். விரலால் மடக்கிப் பாருங்கள், முனையில் மயிரிழை வெடிப்புகள் தெரியும். நீளம் மிச்சம் இருந்தால் முனையில் ஒரு சென்டிமீட்டர் வெட்டிவிட்டு மறுபடி செருகலாம். வளைவான ரப்பர் மூட்டுகளை வெட்ட முடியாது, புதிதாகத்தான் போட வேண்டும்.

சர்வோ டப்பாவை எப்படிச் சோதிப்பது?

டயாஃப்ரம் மட்டும் உள்ள எளிய வகை என்றால் கருவியே வேண்டாம். ஹோஸையும் கேபிளையும் கழற்றி, டயாஃப்ரத்தைக் கையால் உள்ளே தள்ளி, ஹோஸ் துவாரத்தை விரலால் இறுக்கி அடைத்துக்கொண்டு, தள்ளிய கையை எடுங்கள். டயாஃப்ரம் உள்ளேயே நிற்க வேண்டும். மெல்ல வெளியே வந்தால் ரப்பரில் ஓட்டை.

மின்சாரத்தால் திறந்து மூடும் சோலினாய்டு வால்வுகள் உள்ளேயே இருக்கும் வகைக்கு இது பொருந்தாது. கரண்ட் இல்லாதபோது காற்று உள்ளே போகும்படியே அதன் வெண்ட் வால்வு திறந்திருக்கும். கரண்ட் போனால் த்ராட்டில் தானே விடுபட வேண்டும் என்பதற்காக அப்படி. கையேட்டைப் பார்த்து வெண்ட் பின்னுக்கு ஃபியூஸ் வழியாக 12 வோல்ட் கொடுத்து, கை வேக்குவம் பம்பால் 15 அங்குலம் வரை இழுத்துப் பாருங்கள். முள் ஒரு நிமிடமாவது பெரிதாக இறங்காமல் நிற்க வேண்டும்.

பிரேக் பெடலில் ஒரு ஹோஸ் வந்து சேரும் வால்வு இருந்தால் அதையும் விடாதீர்கள். மிதித்ததும் வேக்குவத்தை வெளியேற்றும் பாதுகாப்பு வால்வு அது. பெடல் சும்மா இருக்கும்போதே கசிந்தால் க்ரூஸ் பிடிக்காது, பிடித்தாலும் வலுவிருக்காது. பம்பை இணைத்து, பெடலைத் தொடாமல் வேக்குவம் நிற்கிறதா, தொட்டதும் சட்டென்று விழுகிறதா என்று பாருங்கள்.

பிடித்த வேகத்தில் நிற்காமல் ஏறி இறங்கி அலைபாய்கிறது. எங்கே பார்ப்பது?

முதலில் கேபிளின் தளர்வு. த்ராட்டில் முழுக்க மூடியிருக்கும்போது க்ரூஸ் கேபிளில் ஓரிரு மில்லிமீட்டர் தளர்வு போதும். அதிகமாக இருந்தால் சர்வோ சும்மா இழுத்துக்கொண்டு வந்து, பிறகு திடீரென்று த்ராட்டிலைப் பிடிக்கும். ‘செட்’ அழுத்தியதும் வேகம் கொஞ்சம் விழுந்து பிறகு ஏறுவதும் இதனால்தான். ஒரேயடியாக இறுக்கவும் கூடாது. ஐடிலில் என்ஜின் கூடுதலாக உறுமினால் இறுக்கம் அதிகம்.

அடுத்து ஸ்பீடோமீட்டர் முள். கேபிள் வகையில் முள் நடுங்கினால் க்ரூஸும் அந்த நடுக்கத்தைத் துரத்திக்கொண்டு போகும். கேபிளைக் கழற்றிச் சுத்தம் செய்து, அதற்குரிய கிரீஸை மெல்லிசாகத் தடவினால் இரண்டும் சேர்ந்து சரியாகும். த்ராட்டில் பாடியில் கரி பிடித்து ஒட்டினாலும், என்ஜினே மிஸ்ஸிங் அடித்தாலும் இதே அறிகுறி வரும்.

அரை மணி நேரம் நன்றாக ஓடிவிட்டுப் பிறகு தானே விட்டுவிடுகிறது. மறுநாள் காலையில் மறுபடி வேலை செய்கிறது.

சூடானால் போகும் கோளாறுகளுக்குப் பின்னால் பெரும்பாலும் கண்ட்ரோல் யூனிட்டின் சாலிடரில் விட்ட விரிசல் இருக்கும். பெரிய கனெக்டர் பின்கள், ரிலே கால்கள் சுற்றி பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். காலைச் சுற்றி மெல்லிய கறுப்பு வளையம் தெரிந்தால் அதுதான். சாலிடரிங் பழகியவர் என்றால் பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதிதாக வைக்கலாம்.

யூனிட்டைத் திறப்பதற்கு முன் எர்த்தைப் பார்த்துவிடுங்கள். இக்னிஷனும் க்ரூஸும் போட்ட நிலையில் யூனிட்டின் எர்த் பின்னுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே வோல்டேஜ் எடுங்கள். 0.1 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. அதைவிட ஏறிக்கொண்டே போனால் எர்த் போல்ட்டைக் கழற்றி உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிட்டு இறுக்குங்கள்.

காரின் கம்ப்யூட்டரில் பதிவான கோளாறு கோடை (எண் குறியீட்டை) எடுத்துப் பார்ப்பது உதவுமா?

உதவும், முக்கியமாக மின்னணு த்ராட்டில் கார்களில். ஓபிடி-2 என்ற பொது இணைப்பு அமெரிக்காவில் 1996 மாடலிலிருந்தும், ஐரோப்பாவில் பெட்ரோல் கார்களுக்கு 2001-லிருந்தும் கட்டாயமானது. அதற்குப் பின் வந்த கார் என்றால் மலிவான ஸ்கேனரே போதும். பி0500 வேக சென்சார். பி0571 பிரேக் ஸ்விட்ச். பி0504 என்றால் பிரேக் ஸ்விட்சின் இரண்டு இணைப்பும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை என்று பொருள். பி0704 கிளட்ச் ஸ்விட்ச். பி0565-லிருந்து பி0568 வரை க்ரூஸ் பட்டன்கள்.

கோடு பாகத்தின் பெயரைச் சொன்னாலும் கோளாறு அதன் வயரிலோ கனெக்டரிலோ இருக்கலாம். ஸ்கேனரில் நேரலைத் தகவல் பார்க்கும் வசதி இருந்தால் பிரேக்கை மிதித்து விட்டுப் பாருங்கள், திரையில் இரண்டு பிரேக் சிக்னலும் மாறுகிறதா என்று. ஸ்விட்சைக் கழற்றாமலே பதில் கிடைத்துவிடும். அதற்கும் பழைய சில கார்களில் க்ரூஸ் விளக்கே விட்டு விட்டு எரிந்து கோடு சொல்லும். எப்படி எடுப்பது என்று சர்வீஸ் கையேட்டில் இருக்கும்.

பிரேக் ஸ்விட்சை வயர் போட்டு நேரடியாக இணைத்துவிட்டால் வேலை செய்யுமே, அப்படி ஓட்டலாமா?

கூடாது. கிளட்ச் ஸ்விட்சையும் அப்படிச் செய்யக் கூடாது, வேக்குவம் விடும் வால்வின் ஹோஸை அடைத்துவிட்டும் ஓட்டக் கூடாது. நீங்கள் பிரேக் மிதிக்கும்போது த்ராட்டில் திறந்தே இருந்தால் பிரேக்கும் என்ஜினும் ஒன்றையொன்று எதிர்த்து நிற்கும். த்ராட்டில் அகலமாகத் திறந்திருக்கும்போது மிதிக்கும் விசையைக் கூட்டித் தரும் பிரேக் பூஸ்டருக்குப் போகும் வேக்குவமும் குறையும். இரண்டு மூன்று தடவை விட்டு விட்டு மிதித்தால் பெடல் கல்லாகிவிடும்.

எப்போதாவது க்ரூஸ் விடாமல் பிடித்துக்கொண்டால் பிரேக்கை ஒரே அழுத்தாக, விடாமல் அழுத்துங்கள். கியரை நியூட்ரலுக்குத் தள்ளுங்கள். ஓரமாக நின்ற பிறகு என்ஜினை அணையுங்கள். ஓடும்போது சாவியை உருவி எடுத்தால் ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும்.

க்ரூஸைப் பயன்படுத்தாமல் விட்டுவிட்டால் ஆபத்து எதுவும் இல்லைதானே?

ஒரு விதிவிலக்கு உண்டு, அது சின்னதும் இல்லை. ஃபோர்டு நிறுவனத்தின் 1990களின், 2000களின் தொடக்கக் கார்கள் பலவற்றில், பிரேக் மாஸ்டர் சிலிண்டரை ஒட்டி க்ரூஸைத் துண்டிக்கும் அழுத்த ஸ்விட்ச் ஒன்று இருந்தது. பிரேக் ஆயில் அதன் உள்தடுப்பைத் தாண்டி மின் பகுதிக்குள் கசிந்தது. இக்னிஷன் அணைந்திருந்தாலும் அந்த ஸ்விட்சுக்குக் கரண்ட் வந்துகொண்டே இருந்ததால் நிறுத்தி வைத்த கார்களும் தீப்பிடித்தன. 1999-லிருந்து 2009 வரை பல கட்டங்களாகச் சுமார் 1.4 கோடி வண்டிகளைத் திரும்ப அழைத்துச் சரிசெய்தார்கள்.

உங்களுடையது எந்த நிறுவனத்தின் காராக இருந்தாலும் சேசிஸ் நம்பரை வைத்து அதன்மேல் நிலுவையில் உள்ள திரும்ப அழைப்பு இருக்கிறதா என்று பாருங்கள். பழைய கார் கை மாறி வரும்போது முந்தைய உரிமையாளர் அதைச் செய்யாமலே விட்டிருக்கலாம். அப்படி ஒன்று நிலுவையில் இருந்தால் பொதுவாக அந்த வேலைக்குக் காசு வாங்க மாட்டார்கள்.

சரிசெய்த பிறகு எப்படி ஓட்டிப் பார்ப்பது?

ரோட்டுக்குப் போகும் முன், என்ஜின் அணைந்த நிலையில் ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்து விடுங்கள். த்ராட்டில் படாரென்று மூட வேண்டும், கேபிள் எங்கும் மாட்டக் கூடாது. பிறகு காய்ந்த, காலியான, நேரான சாலை. க்ரூஸைப் பிடித்துவிட்டு முதல் வேலையாகப் பிரேக்கை மிக லேசாகத் தொடுங்கள், உடனே விடுபட வேண்டும். மறுபடி பிடித்துக் கிளட்சைத் தொடுங்கள். மறுபடி பிடித்துப் பட்டனால் அணையுங்கள். மூன்று வழியிலும் ஒவ்வொரு தடவையும் விடுபட்டால்தான் வேலை முடிந்தது. வேகத்தைப் பிடித்து நிற்கிறதா என்பதெல்லாம் அதற்கப்புறம் பார்க்க வேண்டியது. மழையில் இந்தச் சோதனை வேண்டாம். ஈரச் சாலையில் க்ரூஸ் போட்டு ஓட்டுவதும் வேண்டாம்.

புதிய பாகம் கிடைக்கவில்லை. பழைய காரிலிருந்து கழற்றியதை வாங்கலாமா?

கண்ட்ரோல் யூனிட், சர்வோ, மோட்டார் வகை ஆக்சுவேட்டர் எல்லாம் வாங்கலாம். பாக எண் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். பார்க்க ஒரே மாதிரி இருக்கும் யூனிட்டுகள் என்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் ஏற்ப வேறு வேறு அளவீட்டோடு வந்திருக்கும். தப்பானதைப் போட்டால் வேலை செய்யும், ஆனால் அலைபாயும். சர்வோவோடு அதன் கேபிளையும் பிராக்கெட்டையும் சேர்த்தே வாங்குங்கள், நீளம் மாறினால் தளர்வைச் சரிசெய்யவே முடியாது. பிரேக் ஸ்விட்ச், கிளட்ச் ஸ்விட்ச், கிளாக் ஸ்பிரிங் மூன்றையும் பழையதாக வாங்காதீர்கள். அவை தேய்ந்து போகிற பாகங்கள். எளிய வகை சர்வோவாக இருந்தால் காசு கொடுப்பதற்கு முன் அங்கேயே துவாரத்தை விரலால் அடைத்து டயாஃப்ரம் நிற்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.